பழைய மரத்தில் பர்னிச்சர் செய்கிறோம். லோகோவில் இலை வேண்டுமா?

பட்டறைக்காரி

வணக்கம். நானும் தம்பியும் சேர்ந்து ஒரு சின்ன மரவேலைப் பட்டறை நடத்துகிறோம். இடிக்கிற கட்டடங்களிலிருந்து வரும் உத்தரம், நிலைச்சட்டம், கதவு இவற்றை வாங்கி, ஆணி பிடுங்கி, இழைத்து, மேசை, பெஞ்சு, அலமாரி செய்கிறோம். பழைய மரம் போதாதபோது சான்றிதழ் உள்ள புதுமரமும் வாங்குவோம். வேலை தம்பியுடையது. கணக்கு, விற்பனை, இப்போது இந்த பிராண்ட் தலைவலி எல்லாம் என்னுடையது.

இதுவரை வாய்வார்த்தையில்தான் ஆர்டர் வந்தது. இனி இணையத்தில் விற்கலாம் என்று நினைக்கிறோம். ஒரு டிசைனரிடம் சொல்லி மூன்று மாதிரி வாங்கினேன். மூன்றிலும் இலை இருக்கிறது. ஒன்றில் நாற்காலியின் முதுகே இலை. இன்னொன்றில் மரத்தின் வேர் வளைந்து மேசைக் காலாகிறது. நிறம் பச்சையும் பழுப்பும். கிராஃப்ட் தாளில் விசிட்டிங் கார்டு. கீழே 'இயற்கையோடு இணைந்த இருக்கைகள்' என்று ஒரு வரி.

அசிங்கமாக இல்லை. ஆனால் இதே மாதிரி எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. தம்பி பார்த்துவிட்டு, 'இது மூலிகைக் கடைக்குத்தானே?' என்று கேட்டான். பெரிய பட்ஜெட் கிடையாது. லோகோ, நிறம், எழுத்து, படம் எதிலிருந்து தொடங்குவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோடும்புள்ளியும்

உங்கள் தம்பி சரியாகத்தான் கேட்டிருக்கிறார். சோப்பு, தேயிலை, யோகா வகுப்பு, மின்சார ஸ்கூட்டர், வங்கியின் 'பசுமைக் கடன்' வரை எல்லாவற்றுக்கும் அதே இலைதான். இலையைப் பார்த்தால் 'ஏதோ நல்லது' என்று புரியும், யாருடையது என்று புரியாது. அடையாளம் என்று ஒன்றை உருவாக்குவதே அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான்.

லோகோ வரைவதற்கு முன் ஒரு பட்டியல் எழுதுங்கள். இந்தக் குறி எங்கெங்கே போய் உட்காரப் போகிறது? மேசையின் அடிப்பக்கம், அட்டைப்பெட்டி, பில், போன் திரையில் ஒரு சின்ன வட்டம், டெலிவரி வண்டியின் பக்கவாட்டு. சாதாரண நிறுவனத்துக்கு லோகோ பெரும்பாலும் தாளிலும் திரையிலும் இருக்கும். உங்களுக்கு அது மரத்தில் இருக்கப்போகிறது. அங்கே நிறம் கிடையாது. சூடு போட்ட கருப்பு, அல்லது செதுக்கிய பள்ளம், அவ்வளவுதான். பச்சையை நம்பி வரைந்த லோகோ மரத்துக்கு வந்ததும் பாதி செத்துப்போகும்.

பர்னிச்சர் உலகில் இது புதிதும் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸ் தச்சர் சங்கம், உறுப்பினர்கள் தாங்கள் செய்த சாமானில் தங்கள் முத்திரையைப் பதிக்க வேண்டும் என்று விதி வைத்தது. இன்றும் பழம்பொருள் வாங்குகிறவர்கள் சாமானைத் தலைகீழாகக் கவிழ்த்து அந்த முத்திரையைத்தான் தேடுகிறார்கள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ராபர்ட் தாம்சன் என்ற தச்சர் தான் செய்த சாமான்களில் ஒரு குட்டி எலியைச் செதுக்கிவிடுவார். அவருக்கு 'எலிக்காரர்' என்றே பெயர். அவர் 1955இல் இறந்தார், பட்டறை இன்னும் நடக்கிறது, எலியும் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த எலிக்கும் மரவேலைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. அது அவருடையது, வேறு யாருடையதும் இல்லை, அது போதும்.

சந்தைக்காரன்

கோடும்புள்ளியும் சொல்வது டிசைனர்களுக்குப் பிடிக்கும். வாங்குகிறவர் டிசைனர் இல்லையே. அவர் போனில் விரலால் தள்ளிக்கொண்டே போகிறார், ஒரு நொடிகூட நிற்பதில்லை. அந்த நொடியில் 'இது சூழலுக்கு நல்லது' என்று தெரிய வேண்டுமா, வேண்டாமா? இலையும் பச்சையும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள் என்றால் அது வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். 2009இல் ஜெர்மனியில் மெக்டொனால்ட்ஸ் தன் சிவப்புப் பின்னணியைக் கரும்பச்சையாக மாற்றியது. அவர்கள் கணக்குத் தெரியாதவர்களா?

புதிதாகத் தொடங்குகிற ஒரு சின்னப் பட்டறை எலியைச் செதுக்கினால், 'எலி எதற்கு?' என்று விளக்கவே காலம் போய்விடும்.

கோடும்புள்ளியும்

மெக்டொனால்ட்ஸ் எந்தப் பின்னணியில் நின்றாலும் அந்த மஞ்சள் வளைவுகளை ஊர் அறியும். நிறத்தை மட்டும் மாற்றிக்கொள்ள அவர்களால் முடியும். பட்டறைக்காரிக்கு அந்த வளைவுகள் இன்னும் இல்லை. பச்சையை எடுத்துக்கொண்டால் கையில் பச்சை மட்டுந்தான் இருக்கும்.

அப்புறம், பச்சை ஒரு வாக்குறுதி. 2000இல் பிபி எண்ணெய் நிறுவனம் பச்சையும் மஞ்சளுமாக ஒரு பூ போன்ற லோகோ வைத்துக்கொண்டது. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் கொட்டியபோது அந்தப் பூவையே ஆயிரம் விதமாகக் கறுப்புப் பூசி வரைந்து கிண்டல் செய்தார்கள். பழைய லோகோவோடு இருந்திருந்தாலும் திட்டு விழுந்திருக்கும். ஆனால் கேலி செய்யும் படத்தை அவர்களே வரைந்து கொடுத்த மாதிரி ஆகியிருக்காது.

இழைப்புளி

நான் தச்சு வேலை செய்கிறவன். டிசைன் பற்றித் தெரியாது, மரத்தில் முத்திரை போடுவது பற்றி மட்டும் சொல்கிறேன்.

பித்தளை முத்திரையைச் சூடாக்கி அழுத்தும்போது கோட்டைச் சுற்றி மரம் கொஞ்சம் கருகும். அதனால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மெல்லிய கோடு இருந்தால் நடுவில் உள்ள இடைவெளி மூடிப்போகும். இலை நரம்பு, வேர் நுனி இதெல்லாம் முதல் முத்திரையிலேயே ஒரு கறுப்புத் திட்டாகிவிடும். கோடு தடிமனாக இருக்கட்டும், இடைவெளி அதைவிட அகலமாக இருக்கட்டும்.

பைன் மாதிரி மென்மரத்தில் இன்னொரு தொல்லை. வளையத்தில் மென்மையான பகுதி சீக்கிரம் எரியும், கடினப் பகுதி எரியாது. முத்திரை வரிவரியாக விழும். தேக்கு, ஓக் இவற்றில் அவ்வளவு பிரச்சினை இல்லை. லேசரில் செய்தாலும் இதே கதைதான், கொஞ்சம் நயமாக வரும். பழைய மரத்தில் வேலை செய்கிறீர்கள் என்பதால் ஒவ்வொரு பலகையும் வேறு வேறு மாதிரிதான் எரியும். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வர வேண்டுமென்றால், பத்தடி தள்ளி நின்று பார்த்தாலும் தெரிகிற எளிய வடிவமாக இருக்க வேண்டும்.

விதிமுறை

லோகோவை விட எனக்கு அந்த 'இயற்கையோடு இணைந்த' வரிதான் கவலையாக இருக்கிறது. பிராண்ட் அடையாளம் என்றால் படம் மட்டும் இல்லை, படத்தோடு சேர்ந்து வரும் சொல்லும்தான். பச்சை நிறமும் இலையும் சேர்ந்தாலே அது ஒரு உரிமைகோரல் என்று எடுத்துக்கொள்ளும் நிலைக்குச் சட்டங்கள் வந்துவிட்டன.

அமெரிக்காவின் வணிக ஆணையம் 1992இலிருந்தே இதற்கென வழிகாட்டி வைத்திருக்கிறது, கடைசியாக 2012இல் திருத்தியது. 'சூழலுக்கு உகந்தது' என்று மொட்டையாகச் சொல்லாதே, எந்த வகையில் என்று சொல் என்பது அதன் சாரம். இந்தியாவில் 2024 அக்டோபரில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பசுமைப் பூச்சுக்கு (சூழலுக்கு நல்லது என்று பொய்யாகக் காட்டிக்கொள்வதற்கு) எதிராக வழிகாட்டுதல் வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/825 எண் ஆணை இன்னும் கறார்: 2026 செப்டம்பர் 27 முதல் ஆதாரமில்லாத பொதுவான பசுமைச் சொற்களுக்குத் தடை. சான்றளிப்புத் திட்டமோ அரசு அமைப்போ பின்னால் இல்லாமல் தானாகவே உருவாக்கிக்கொண்ட 'பசுமை முத்திரை'களுக்கும் தடை. இணையத்தில் விற்றால் பொருள் எங்கே போகும் என்று தெரியாது, அதனால் கறாரான விதியை மனதில் வைத்தே எழுதிவிடுங்கள்.

முக்கியமாக ஒன்று. சான்றிதழ் உள்ள புதுமரம் வாங்குகிறோம் என்றீர்கள். எஃப்எஸ்சி (காடுகளைப் பொறுப்பாகப் பராமரித்து எடுத்த மரத்துக்குச் சான்று தரும் சர்வதேச அமைப்பு) மரமாக இருந்தால், அவர்களுடைய மரக்குறி லோகோவை உங்கள் மேசையில் ஒட்ட முடியாது. காட்டிலிருந்து லேபிள் ஒட்டும் கட்டம் வரை கைமாறும் ஒவ்வொருவருக்கும் 'சங்கிலிச் சான்று' இருக்க வேண்டும். உங்கள் பட்டறைக்கு அது இல்லையென்றால் சங்கிலி உங்களிடம் அறுந்துவிடுகிறது, வாங்கிய மரம் எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் சரி. சான்று எடுத்தாலும் 100 சதவீதம், கலப்பு, மறுசுழற்சி என்று மூன்று லேபிளில் உங்கள் பொருளுக்கு உரியதைத்தான் ஒட்ட வேண்டும், உரிம எண்ணோடு. அந்தச் சின்னத்தின் நிறம், அளவு, சுற்றிவிட வேண்டிய இடம் எல்லாவற்றுக்கும் விதி உண்டு. உங்கள் லோகோவுக்குள் அதைச் சேர்த்து வரையவே கூடாது.

பட்டறைக்காரி

விதிமுறை சார், நன்றி. டிசைனர் கொடுத்த கார்டின் மூலையில் அந்த மரக்குறி இருக்கிறது! அச்சுக்குப் போகவில்லை, நல்லவேளை. மறுசுழற்சி அம்பு மூன்றும்கூட இருக்கிறது. அதையும் எடுக்க வேண்டுமா?

பச்சையும் கூடாது, இலையும் கூடாது, பொதுவான சொல்லும் கூடாது என்றால் பழைய மரத்தில் செய்கிறோம் என்பதை எப்படித்தான் சொல்வது? சந்தைக்காரன் கேட்ட கேள்வி எனக்கும் இருக்கிறது. ஒரு நொடியில் புரிய வேண்டுமே.

விதிமுறை

அந்த மூன்று அம்பு 1970இல் கேரி ஆண்டர்சன் என்ற மாணவர் ஒரு போட்டிக்காக வரைந்தது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், அதனால்தான் அதற்கு எடை குறைவு. அது 'மறுசுழற்சி செய்யலாம்' என்கிறதா, 'மறுசுழற்சியில் செய்தது' என்கிறதா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. பெட்டி அட்டையில் இருக்கட்டும், உங்கள் அடையாளத்தில் வேண்டாம்.

நாற்காலிப்பித்து

எண்ணைச் சொல்லுங்கள். எமெகோ என்ற அமெரிக்க நாற்காலி நிறுவனம் 2010இல் கோகோகோலாவோடு சேர்ந்து ஒரு நாற்காலி கொண்டுவந்தது. குறைந்தது 111 பழைய பிளாஸ்டிக் பாட்டில்கள் ஒரு நாற்காலிக்குள் இருக்கின்றன. பெயரே '111 நேவி சேர்'. இலை இல்லை, பச்சை இல்லை. பெயரைக் கேட்டதும் '111 என்றால் என்ன?' என்று கேட்பார்கள், பதில் சொன்னதும் முடிந்தது.

இன்னொன்று பின்லாந்தின் ஆர்டெக் பர்னிச்சர் நிறுவனம். அவர்களுடைய ஸ்டூல் 60 என்ற மூன்றுகால் ஸ்டூல் 1933இல் வந்தது. 2006இலிருந்து பள்ளிக்கூடம், பட்டறை என்று எங்கெங்கோ கிடந்த பழைய ஸ்டூல்களைத் திரும்ப வாங்கி, கீறலும் பெயின்ட் கறையுமாகவே விற்கிறார்கள். கறையை மறைக்கவில்லை, கறையைத்தான் படம் எடுத்துப் போடுகிறார்கள். சூழல் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே, இது நீடிக்கும் என்பது பார்ப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது.

உங்கள் கையில் இருக்கும் சரக்கு இதைவிட நல்லது. ஒவ்வொரு மேசையும் முன்பு வேறொன்றாக இருந்தது. 'இது முன்பு மாடி உத்தரம்', 'இது முன்பு கிட்டங்கிக் கதவு'. அந்த ஒரு வரியே உங்கள் பிராண்டின் குரல். சந்தைக்காரன் கேட்ட ஒரு நொடிக்கு இது போதும் என்பது என் கட்சி.

சந்தைக்காரன்

'இது முன்பு மாடி உத்தரம்' என்ற வரிக்கு நான் எழுந்து நிற்கிறேன். இலையை விட நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு பலகைக்கும் அந்தக் கதை தெரியுமா? பழைய மரக் கடையில் மொத்தமாக வாங்கினால் எது எங்கிருந்து வந்தது என்று யார் சொல்வார்கள்? ஒரு மேசைக்கு இல்லாத கதையைச் சேர்த்தால் விதிமுறை வந்து பிடித்துக்கொள்வார்.

பட்டறைக்காரி

நியாயமான கேள்வி. நாங்களே இடிக்கிற இடத்துக்குப் போய் எடுப்பது பாதிக்கு மேல் இருக்கும். அதற்கு எல்லாம் தெரியும். கடையில் வாங்கியதற்கு மரம் எது என்று மட்டும் தெரியும். புதுமரம் என்றால் புதுமரம் என்றே போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். 'இது முன்பு: தெரியவில்லை' என்றுகூட எழுதலாமா? தம்பி சிரிக்கிறான். எனக்கு அது பிடித்திருக்கிறது.

நாற்காலிப்பித்து

தாராளமாக எழுதுங்கள். அந்த 'தெரியவில்லை'யைப் பார்த்த பிறகு மற்ற கதைகளை நம்புவார்கள்.

நிழலும்ஒளியும்

நிறம் பற்றி யாரும் பேசவில்லையே. நான் பொருட்படம் எடுப்பவன், பர்னிச்சர் நிறைய எடுத்திருக்கிறேன்.

மரம் தானே ஒரு நிறம். பெரும்பாலான மரம் ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த பழுப்பு. பிராண்ட் நிறமும் பழுப்பு, தாளும் பழுப்பு, எழுத்தும் பழுப்பு என்றால் பக்கம் முழுக்கச் சேறு. மேசை எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. மரத்தை எடுப்பாகக் காட்டுவது அதற்கு எதிர்ப்பக்க நிறங்கள்: சாம்பல் கலந்த நீலம், மங்கிய ஊதா, வெளிர் சாம்பல். ஒரு நல்ல நீலத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தேக்கு பொன்னாகத் தெரியும்.

அதைவிட முக்கியம், மரம் நிறம் மாறும். செர்ரி வெளிச்சம் பட்டால் கறுக்கும். வால்நட் நேர்மாறாக வெளுக்கும். ஓக் மஞ்சளாகும். வெளியே போட்ட தேக்கு சாம்பலாகிவிடும். 'எங்கள் பிராண்ட் நிறம் தேக்கு நிறம்' என்று முடிவு செய்தால் எந்த வருடத்துத் தேக்கு என்று கேட்க வேண்டியிருக்கும். பிராண்ட் நிறம் மரத்திலிருந்து வர வேண்டாம்.

படத்தில் ஒரு ஒழுங்கு வையுங்கள். எல்லாப் படத்தையும் ஒரே சன்னல், ஒரே நேரம், ஒரே உயரத்திலிருந்து. முதல் படத்தில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து எடுத்து வைட் பேலன்ஸ் (வெளிச்சத்துக்கு ஏற்ற நிறச் சமநிலை) சரிசெய்யுங்கள். இல்லையென்றால் அதே மேசை இணையத்தில் செம்மண்ணாகவும் வீட்டில் வைக்கோலாகவும் இருக்கும், திருப்பி அனுப்புவார்கள். திருப்பி வரும் ஒவ்வொரு மேசையும் இன்னொரு லாரிப் பயணம். சூழலுக்கு நல்லது செய்ய விரும்பினால் படத்தை நேர்மையாக எடுப்பதும் அதில் சேர்த்திதான். ஆணி ஓட்டை, விரிசல் இவற்றுக்கு ஒரு நெருக்கப் படம் கட்டாயம் வையுங்கள். சுற்றிலும் தொட்டிச்செடி அடுக்கி வைக்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மேசையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

எழுத்துக்காரி

நிழலும்ஒளியும் சொன்ன நீலத்துக்கு என் ஓட்டும். ஒரு எச்சரிக்கை: மங்கிய நீலத்தில் வெள்ளை எழுத்து போடும்போது வேறுபாட்டைச் சோதித்துப் பாருங்கள். இணைய அணுகல் விதிகளில் சாதாரண அளவு எழுத்துக்கு 4.5:1 வேண்டும் என்று இருக்கிறது. மங்கல் நிறம் பிடிக்கும் பிராண்டுகள் எல்லாம் இதில்தான் தோற்கின்றன, கண்ணாடி போட்டவர்களால் விலையைக்கூடப் படிக்க முடிவதில்லை.

அச்சிலும் ஒரு சங்கதி. மேல்பூச்சு இல்லாத தாள் மையை உறிஞ்சும், நிறம் திரையில் பார்த்ததை விட மங்கித் தெரியும். கிராஃப்ட் தாளில் வெளிர்நீலம் அச்சடித்தால் அது பழுப்போடு கலந்து வேறு ஏதோவாகிவிடும். அட்டைப்பெட்டிக்கு ஒரே மை, கறுப்பு அல்லது அடர்நீலம். நெளிவுள்ள அட்டையில் மெல்லிய கோடு நிற்காது, இழைப்புளி அண்ணன் முத்திரைக்குச் சொன்னதேதான் இங்கும்.

எழுத்துரு: தமிழ் எழுத்திலும் பெயர் போடுவீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் முத்திரையில் புள்ளியைக் கவனியுங்கள். சின்ன அளவில் சூடு போடும்போது புள்ளி ஒன்று எரிந்து பெரிதாகும், அல்லது விழாமலே போகும். சுழிகளின் உள்வட்டமும் அடைபடும். எனவே உள்வெளி பெரிதாக உள்ள, கோட்டின் தடிமன் எங்கும் ஒன்றாக உள்ள எழுத்துருவாகத் தேர்ந்தெடுங்கள். முக்தா மலர், கேட்டமரான், நோட்டோ சான்ஸ் தமிழ் மூன்றும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, காசு வேண்டாம். மூன்றையும் அதே முத்திரை அளவில் அச்சிட்டு, நாலடி தள்ளி வைத்துப் பாருங்கள். கையெழுத்து மாதிரி வளைந்து ஓடும் எழுத்துருவை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அது இலையின் தங்கச்சி.

இரண்டு மொழியில் போகும்போது இரண்டும் ஒரே குடும்ப எழுத்துருவாக இருந்தால் சண்டை குறையும். ஐகியா பர்னிச்சர் நிறுவனம் 2009இல் ஃப்யூச்சுரா எழுத்துருவிலிருந்து வெர்டானாவுக்கு மாறியபோது டிசைனர்கள் அதை எதிர்த்துக் கையெழுத்து இயக்கமே நடத்தினார்கள். பத்து வருடம் கழித்து நோட்டோவுக்குப் போனார்கள். உலகின் எழுத்து முறைகளையெல்லாம் ஒரே குடும்பத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்றே உருவான எழுத்துரு அது.

புதுவரவு_கணினி

இவ்வளவு எதற்கு? ஏஐயிடம் கேட்டால் நூறு லோகோ ஒரு நிமிடத்தில் கொடுக்குமே.

கோடும்புள்ளியும்

கொடுக்கும். நூறிலும் இலை இருக்கும்.

விதிமுறை

எது வரைந்தாலும் வணிகக்குறிப் பதிவேட்டில் தேடிவிட்டு முடிவு செய்யுங்கள். வணிகக்குறி வகைப்பாட்டில் பர்னிச்சர் 20ஆம் வகுப்பு. பழுதுபார்த்தும் கொடுப்பீர்கள் என்றால் 37ஐயும் சேர்த்துப் பாருங்கள். பெயரில் 'பசுமை', 'மரம்', 'இயற்கை' போன்ற விவரிக்கும் சொல் மட்டும் இருந்தால் பதிவு கிடைப்பது சிரமம். அப்படியே கிடைத்தாலும் பக்கத்துக் கடைக்காரர் அதே சொல்லைப் பயன்படுத்துவதைத் தடுக்க முடியாது.

பட்டறைக்காரி

எல்லாவற்றையும் தம்பியிடம் படித்துக் காட்டினேன். அவன் ஒரு யோசனை சொன்னான், வரைந்து பார்த்தோம்.

முதலில் பட்டாம்பூச்சிக் கட்டை. பலகை விரிசல் மேலும் ஓடாமல் இருக்க வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு துண்டைக் குறுக்கே இறக்குவோமே, அது. விரிசலை மறைக்காமல் பிடித்து நிறுத்துகிறது, அழகாகவும் இருக்கிறது.

இரண்டாவது ஆணி ஓட்டை அடைப்பு. பழைய உத்தரத்தில் ஆணி பிடுங்கிய இடத்தைத் துளைத்து, அடர்நிற மரத்தில் ஒரு வட்ட முளை வைத்து அடைக்கிறோம். எங்கள் சாமான் எல்லாவற்றிலும் எங்கேயாவது இரண்டு மூன்று இருக்கும். அதையே குறியாக வைத்தால்? நீளமான ஒரு பலகை, அதில் ஒரு கறுப்பு வட்டம்.

நாற்காலிப்பித்து

பட்டாம்பூச்சிக் கட்டை அருமையான வடிவம்தான், ஆனால் மரவேலை தெரிந்த யார் பார்த்தாலும் அமெரிக்க மரவேலைக் கலைஞர் ஜார்ஜ் நகாஷிமா நினைவுதான் வரும். ஓரம் வெட்டாத பெரிய பலகையில் அதை வெளிப்படையாகக் காட்டி அவர் தன்னுடையதாகவே ஆக்கிவிட்டார். இப்போது ரெசின் மேசை செய்கிற ஒவ்வொருவரும் அதை வைக்கிறார்கள். வட்ட முளைக்குத்தான் என் ஓட்டு.

அமெரிக்க பர்னிச்சர் நிறுவனமான ஹெர்மன் மில்லரின் 'எம்' லோகோ வந்த கதை தெரியுமா? 1940களில் விளம்பரம் போட வேண்டும், காட்டுவதற்குப் பர்னிச்சர் படமே கையில் இல்லை. அவர்களுடைய டிசைன் இயக்குநர் ஜார்ஜ் நெல்சன் அலுவலகத்தில் இருந்த இர்விங் ஹார்ப்பர், மர ரேகை ஓடும் ஒரு பெரிய எம் எழுத்தை வரைந்து ஒப்பேற்றினார். ரேகை பிறகு போய்விட்டது, எம் நின்றுவிட்டது. உங்கள் தம்பி பட்டறையில் கிடந்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறார், அதுவும் அதே ரகம்தான்.

இழைப்புளி

தம்பிக்கு ஒரு சபாஷ். தடித்த வட்டம், தடித்த செவ்வகம். எந்த மரத்திலும் விழும். புள்ளி அடைபடுமே என்ற கவலையும் இல்லை, அதுவே அடைத்த ஓட்டைதானே!

சந்தைக்காரன்

செவ்வகத்துக்குள் வட்டம். எனக்கு வாஷிங் மெஷின் தெரிகிறது.

கோடும்புள்ளியும்

வட்டம் நடுவில் இருந்தால் வாஷிங் மெஷின்தான். கொடியாகவும் தெரியலாம். பலகையை ஒன்றுக்கு ஐந்து என்ற விகிதத்தில் நீளமாக்குங்கள், வட்டத்தை ஒரு முனைக்குத் தள்ளுங்கள். முளை பலகையின் மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கட்டும். உண்மையான ஆணி எங்கே நடுவில் இருக்கிறது? அப்போதுதான் 'இது ஏன் இங்கே?' என்று கண் ஒரு கணம் நிற்கும்.

போன் திரையின் சின்ன வட்டத்தில் நீளப் பலகை நிற்காது. அங்கே முளை இருக்கும் முனையை மட்டும் வெட்டிப் போடுங்கள்.

விதிமுறை சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: வட்டமும் செவ்வகமும் மட்டும் என்றால் பதிவுக்கு ரொம்பப் பலவீனம். பெயரை அந்தக் குறியோடு சேர்த்தே பதிவு செய்யுங்கள், பெயர் தாங்கிக்கொள்ளும்.

சந்தைக்காரனின் ஒரு நொடிக்கும் இதிலேயே வழி இருக்கிறது. வட்டம் குறி, பக்கத்தில் பெயர், கீழே 'இது முன்பு: …' என்ற வரி. அந்த வரி மட்டும் ஒவ்வொரு பொருளுக்கும் மாறும். பெட்டியில் அதைக் கையால் எழுத இடம் விட்டு அச்சடியுங்கள். அச்சுக்கூலியும் மிச்சம், ஒவ்வொரு பெட்டியும் வேறாகவும் இருக்கும்.

சந்தைக்காரன்

பலகையை இழுத்துவிட்டால் சரி, வாஷிங் மெஷின் போய்விட்டது. ஆனால் நான் ஒன்றில் விடமாட்டேன். இணையப் பக்கத்தில் முதல் வரியிலேயே 'இடித்த கட்டடங்களின் மரத்தில் செய்த பர்னிச்சர்' என்று வெறுமையாக எழுதுங்கள். கவித்துவம் எல்லாம் அதற்குக் கீழே. தேடுபொறியில் யாரும் 'இது முன்பு' என்று தேட மாட்டார்கள்.

விதிமுறை

அந்த வரியோடு புதுமரம் எந்தெந்தப் பொருளில் என்பதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எல்லாமே பழைய மரம் என்று நினைக்க வைத்துவிட்டு, கீழே பொடி எழுத்தில் மறுப்பதுதான் இந்த விதிகள் முதலில் பிடிக்கிற விஷயம். பசை, பாலிஷ் என்ன என்பதையும் சேருங்கள். மரம் பழையது, ஆனால் மேல்பூச்சு எது என்று கேட்கிறவர்கள் இப்போது அதிகம்.

எழுத்துக்காரி

இவ்வளவு விவரத்தையும் பெட்டியில் எழுத முடியாது, ஒரு க்யூஆர் குறியீடு போதும். ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவரும் டிஜிட்டல் பொருள் கடவுச்சீட்டுக்கான (ஒரு பொருளின் விவரங்களை இணையத்தில் காட்டும் பதிவு) முன்னுரிமைப் பட்டியலில் மரச்சாமானும் இருக்கிறது, இப்போதே பழகிக்கொள்வது நல்லது. ஆனால் அதை அடர்நிற மரத்தில் நேராகச் செதுக்காதீர்கள். கருகிய கறுப்புக்கும் வால்நட் நிறத்துக்கும் வேறுபாடு போதாது, போன் படிக்காது. வெளிர்மரத்தில் ஒரு சின்ன வில்லை செய்து, அதில் பொறித்து, அடியில் பதித்துவிடுங்கள். சுற்றிலும் நான்கு கட்ட அகலம் வெறுமையாக விடுங்கள், குறியீட்டை உருவாக்கும்போது பிழைதிருத்த அளவை உச்ச நிலையில் வையுங்கள். அப்போது கிட்டத்தட்ட 30 சதவீதம் சிதைந்தாலும் படிக்கும்.

பட்டறைக்காரி

அருமை. வில்லையைத் தம்பி இன்றே வெட்டத் தொடங்கிவிட்டான். அடர்நீலம் ஒன்று, வெள்ளை, கறுப்பு, அவ்வளவுதான் நிறம் என்று முடிவு. பழைய டிசைனரிடமே இந்தக் குறியைச் சுத்தமாக வரைந்து தரச் சொல்லியிருக்கிறேன், அவருக்கும் பிடித்திருக்கிறது. மூன்று இலையும் குப்பைக்கு.

இழைப்புளி அண்ணே, ஒரே ஒரு கேள்வி. முத்திரையை எங்கே, எப்போது போடுவது? எண்ணெய் பூசுவதற்கு முன்பா, பின்பா?

இழைப்புளி

முன்புதான். எண்ணெய் ஊறிய மரத்தில் சூடு வைத்தால் புகையும், ஓரம் பிசுபிசுக்கும், முத்திரையிலும் ஒட்டும். இழைத்து, உப்புத்தாள் போட்டு, முத்திரை வைத்து, கரித்தூளை லேசாகத் தட்டிவிட்டு, பிறகு எண்ணெய். முதலில் அதே மரத்தின் கழிவுத்துண்டில் ஒரு தடவை வைத்துப் பார்த்துச் சூட்டைப் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இடம்: மேல்பலகை வேண்டவே வேண்டாம். பல வருடம் கழித்து யாராவது மறுபடி இழைத்துப் பாலிஷ் போடுவார்கள், முத்திரை போய்விடும். மேசையானால் நீளப்பக்கச் சட்டத்தின் உள்புறம், பெஞ்சானால் உட்காரும் பலகையின் அடியில் ஒரு முனையில். வில்லையும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். தம்பி முதல் முத்திரை வைத்ததும் படம் போடுங்கள், ஆழம் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.